மாலை போட்ட படம்

கோணேஸ்வரி அக்கா படம் கீறினால், நன்றாக வந்திருக்கிறது என்று முதலில் சொல்பவரும் அவர்தான். அவர் கீறிய வாழைப்பழத்தைக் காட்டி, இது என்ன மீன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "உமக்குக் கண் சரியில்லை" என்றார். ஊரைவிட்டு வெளிநாடு வந்து, பார்க்டேலில் ஒரே மாடிக்கட்டடத்தில் குடியிருந்தோம். கிழமை நாட்களில் அவருக்குப் பக்கத்து நகரமான மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை. சனிக்கிழமைகளில் ஓவிய வகுப்பு. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆசிரியை பழைய ஒல்லாந்து, அதாவது டச்சு, ஓவியங்களைத் திரையில் காட்டினார். மண்டையோடு, அணைந்த மெழுகுவர்த்தி, பாதி உரித்த எலுமிச்சை, வாடிய பூ. எல்லாம் ஒருநாள் போய்விடும் என்று சொல்லத்தான் இவற்றை மேசையில் அடுக்கிக் கீறினார்களாம்.

"எங்கட திருகோணமலைக் கோட்டையில இருந்த ஒல்லாந்தரோ?" என்று அக்கா என் காதுக்குள் கேட்டார். "பீரங்கி வைச்சிருந்தவங்களுக்கும் சாவுப் பயமோ!"

அதுபோல வீட்டில் ஒரு மேசையை அடுக்கிக் கீறி வரச் சொன்னார் ஆசிரியை. மற்றவர்கள் ஹாலோவீன் கடையில் பிளாஸ்டிக் மண்டையோடு வாங்கினார்கள். அக்காவுக்குச் சிரிப்பு.

"மண்டையோடு சிவபெருமான்ர நகை. சாவெண்டா எங்கட ஆக்களுக்கு மாலை போட்ட படம்தான்."

சொன்னது சரி. செய்ததுதான் பிழை. செத்தவர்களின் படங்களை எல்லாம் ஊரில் விட்டுவிட்டு வந்தவர், வீட்டிலிருந்த ஒரே பெரிய படத்தை எடுத்தார். அது அவருடைய கணவர் பாக்கியராசா அண்ணையின் ஸ்ரூடியோப் படம். பிள்ளையாருக்குச் சாத்தி வாடிப்போன கார்னேஷன் பூமாலையை அதற்குப் போட்டு, முன்னால் விளக்கையும் கொளுத்திவிட்டுக் கீறத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த எனக்கும் உறைக்கவில்லை.

அண்ணைக்கு அடுத்த வியாழக்கிழமை இதய ஒப்பரேசன். செய்யாவிட்டால் கனகாலம் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அக்கா கீறிக்கொண்டிருக்கையில் கதவைத் திறந்துகொண்டு வந்த அண்ணை தன் படத்தையும் மாலையையும் விளக்கையும் பார்த்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

"இது அபசகுனம். நான் ஒப்பரேசனுக்குப் போகேல்லை."

வேறு யாரென்றாலும் மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டுக் அழுது குழறியிருப்பார்கள். அக்கா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரே இருந்தார்.

"உங்களுக்குப் படத்துக்குப் பயமோ, கத்திக்குப் பயமோ?"

அண்ணை படத்தைக் கைகாட்டினார். அக்கா விடுவதாக இல்லை. கடைசியில், "கத்திக்குத்தான்" என்றார் அண்ணை.

"அப்ப படத்தைச் சாட்டாதைங்கோ. மாலை போட்டது என்ர பிழை. ஆனா பின்னேரம் முழுக்க அதுக்கு முன்னால இருந்து, நீங்கள் இல்லாத வீட்டைப் பாத்திட்டன். எனக்கு அது வேண்டாம். அதுக்குத்தான் சொல்லுறன், போங்கோ."

அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"வியாழக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?" என்று கேட்டார்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணையின் குரல் கம்மியிருந்தது. அந்தக் குரலில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "படம் முடிஞ்சுதோ?" என்பதுதான்.

"மாலையும் விளக்கும் கீறியாச்சு. முகத்தை விட்டிட்டன்," என்றார் அக்கா.

"ஏன்?"

"கை வரேல்லை."

அக்கா தன் கையைப் பற்றி அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணை மெல்ல அந்தக் கையைப் பிடித்தார்.

"வீட்டை வந்து, மாலையையும் போட்டுக்கொண்டு உமக்கு முன்னால இருக்கிறன், கீறும். செத்தாப்பிறகு நீர் போடுற மாலையை நான் பாக்கப்போறனே?"