ஒர்க்ஸ்டேஷனும் ஆத்தாளும்

நேற்று மத்தியானம் கடையில் கரண்ட் இல்லை. சும்மா இருக்க முடியாமல் போனைத் தள்ளிக்கொண்டே இருந்ததில் ஒரு வீடியோ வந்து மாட்டியது. ஏசி அறை, பின்னால் நீல விளக்கு, முன்னால் தாடியைச் செதுக்கிவிட்ட ஒரு பையன். "லேப்டாப்லயே எல்லாம் இருக்குற காலத்துல ஒர்க்ஸ்டேஷன் வாங்குறது புத்திசாலித்தனமா ப்ரோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் அவனுக்கு ப்ரோ இல்லை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பேசிவிட்டு, கடைசியில் "உங்க தேவைக்கு எது சரியோ அத வாங்குங்க" என்று முடித்தான். இதைச் சொல்வதற்கு ஒரு வீடியோ, அதைப் பார்ப்பதற்கு என்னைப் போல ஆயிரம் வேலையற்றவர்கள்.

அந்தப் பையன் வார்த்தைக்கு வார்த்தை விட்ட வார்த்தை உங்களுக்குப் புரியாமல் போகலாம். ஒர்க்ஸ்டேஷன் என்றால் கீபோர்டுதான். ஆனால் சத்தம், தாளம், பதிவு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கும். கம்ப்யூட்டர் வேண்டாம். சுவிட்சைப் போட்டால் வாசிக்க வேண்டியதுதான். இப்படிப் பேசுகிற நான் இன்றைக்கு அன்னவாசலில் ஜெராக்ஸ், ஆன்லைன் சர்வீஸ் என்று போர்டு மாட்டி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் மூஞ்சியில்தான் முழித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் அவன் பெட்டியைப் பிரித்தான். தெர்மாகோல் நெறிபடுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அது என்னை நேராகத் திருச்சி மியூசிக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. புதுப் பிளாஸ்டிக் வாசம், கால் வைத்தால் வழுக்குகிற தரை, வாங்கமாட்டான் என்று நினைத்தவனை "தொடாதீங்க சார்" என்று விரட்டுகிற சேல்ஸ்மேன். அவனுக்கும் எனக்கும் முதல் பார்வையிலேயே ஆகவில்லை. என் பக்கத்தில் செல்வம் நின்றிருந்தான்.

செல்வத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்லபடியாகச் சொல்ல என்னால் ஆகாது. நானும் அவனும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு நடத்தினோம். விராலிமலைக்கும் அன்னவாசலுக்கும் நடுவில் எந்த ஊரில் பால்குடம் எடுத்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். மினி லாரியில் ஸ்பீக்கர், ஜெனரேட்டர், ஒரு பாடகர், ஒரு டிரம்ஸ். ஊர்வலம் நடக்க நடக்க லாரி ஊர்ந்து போகும். கீபோர்டு நான். மற்றதெல்லாம் அவன், அதாவது பேச்சு. பேசியே சோறு தின்கிற ஜாதி என்று சிலர் உண்டு, எந்த ஊரிலும் பிறப்பார்கள்.

பழைய கீபோர்டு இளைத்துவிட்டது, பாதிப்பாதி போட்டுப் புதிதாக வாங்குவோம் என்று திருச்சிக்குப் போனோம். அவன் லேப்டாப் என்றான். நான் ஒர்க்ஸ்டேஷன் என்றேன்.

"சினிமாவுல கேக்குறாப்புல அப்பிடியே வரும்டா. ஒன் பொட்டி ரெண்டு வருசத்துல பழசாயிரும்" என்றான்.

"பாட்டு முடிஞ்சாலும் சாமி முடியாது. அதுக்கு ஒன் லேப்டாப்பு என்னத்தப் பண்ணும்?" என்றேன்.

இது நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பால்குடத்தில் அம்மன் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நாலைந்து பெண்களுக்கு அருள் வரும். சாமி ஆடிக்கொண்டிருக்கையில் பாட்டு நிற்கக் கூடாது. அதே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று எவனுக்கும் தெரியாது. நான் ஆடுகிறவர்களின் கால்களைத்தான் பார்ப்பேன். குதிகால் தரையில் படாமல் ஆடினால் தாளத்தை விடக் கூடாது. குதிகால் தட்டத் தொடங்கினால் உடம்பு ஓய்கிறது என்று அர்த்தம். அப்போது டிரம்ஸ்காரருக்குக் கண்ணைக் காட்டி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் கீபோர்டில் புல்லாங்குழல் சத்தத்தை மட்டும் மெல்ல ஓடவிடுவேன். பூசாரி திருநீற்றைப் போடுவார். சாமி உடம்பை விட்டு மலையேறும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் அக்கா முத்துலட்சுமி வருசா வருசம் பால்குடம் எடுத்து ஆடுகிறவள். அவள் மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நானாகப் பழகிக்கொண்டது.

கடையில் செல்வத்தை ஜெயித்தது என் வாய் அல்ல. சேல்ஸ்மேன் லேப்டாப்பைத் திறந்தான், அது 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நாங்கள் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் சுற்றியது. "இது சுத்தி முடிக்கிறதுக்குள்ள ஆத்தா வீட்டுக்குப் போயி சமைச்சுருவா" என்றேன். சேல்ஸ்மேனே சிரித்துவிட்டான். ஒர்க்ஸ்டேஷன் வாங்கினோம். பஸ்ஸில் என் மடியில்தான் வந்தது. செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கீரனூர் வரைக்கும் பேசவில்லை. எவ்வளவு நிம்மதியான பயணம் அது.

பிறகு அவன் தனியாக ஒரு லேப்டாப் வாங்கினான். லாரியில் இடது பக்கம் நான், வலது பக்கம் அது. ஒவ்வொரு பாட்டாக அதற்கு மாற்றினான். "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுடா" என்பான். வாசிக்க வந்தவனுக்கு எதற்கு ரெஸ்ட்? என் கை கீபோர்டு கட்டைமேல் இருக்க, சத்தம் அவன் லேப்டாப்பிலிருந்து வரும். ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்த அசிங்கத்தைச் சொல்லில் வைக்க முடியாது.

அக்கா ஊர்ப் பால்குடத்தில் ஒருநாள் அது நடந்தது. சித்திரை வெயில், லேப்டாப் திரை கண்ணுக்குத் தெரியாமல் செல்வம் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தான். அம்மன் பாட்டு அதிலிருந்துதான் ஓடியது. முச்சந்தியில் அக்காவுக்கு அருள் வந்தது, கூட இன்னும் மூன்று பேருக்கு. பாட்டு முடிந்தது. முடிந்தேவிட்டது. ஜெனரேட்டர் மட்டும் தடதடவென்று ஓட, நான்கு பெண்கள் தாளம் இல்லாமல் நடுரோட்டில் தள்ளாடினார்கள்.

"ஏய், ஆத்தா நிக்கிறா, என்னடா அமத்திட்டீங்க!" என்று ஒரு பெரியவர் கம்பை ஓங்கிக்கொண்டு லாரியை நோக்கி வந்தார்.

நான் அதே சுருதியில் பிடித்தேன். என் கை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கால்களைப் பார்த்தேன், விடாமல் வாசித்தேன், பிறகு பதமாக இறக்கினேன். நாலு பேருக்கும் சாமி ஒழுங்காக மலையேறியது. ஊர் சார்பில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். செல்வம் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ சொன்னதுதான்டா சரி" என்றான். முட்டாள் நான், அதை நம்பினேன். வெயிலில் கட்டை சுட்டு விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன், மெடல் வாங்கியவன் மாதிரி.

அடுத்த வருசம் அவன் கூப்பிடவில்லை. கேட்டால் "ஊர்ல டிஜேதான் கேக்குறாய்ங்க" என்றான். சரி, காலம் அப்படி என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் விராலிமலை போகிற பஸ் ஒரு பால்குடத்துக்குப் பின்னால் மாட்டி நின்றது. முன்னால் செல்வத்தின் லாரி. அம்மன் பாட்டு. அந்தப் பத்தி வந்தது, திரும்ப வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. பஸ்ஸில் என் விரல்கள் தாமாக அசைந்தன. அது என் கை. முச்சந்தியில் நான் வாசித்தது.

சவுண்டு சரிபார்க்க என்று அந்த முச்சந்தி நாளில் என் கீபோர்டிலிருந்து அவன் லேப்டாப்புக்கு ஒரு ஒயர் போட்டிருந்தான். அப்படியே பதிவாகியிருக்கிறது. அன்னவாசல் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். அவன் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"ஆமா, ஒன் கைதான். நல்லாருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். இப்பச் சாமி எம்புட்டு நேரம் ஆடுனாலும் ஓடும்டா. கடேசில மட்டும் தொய்யுது பாரு, அந்த எடத்த வெட்டிட்டேன்."

தொய்யுதாம். நான் கால்களைப் பார்த்து இறக்கிய இடத்தைச் சொல்கிறான். கையிலிருந்த டீயை அவன் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றாமல் குடித்துவிட்டு வந்தேன். அந்த டீக்கு நான் தந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது. அதோடு அவனிடம் பேச்சு இல்லை. ஒர்க்ஸ்டேஷன் வீட்டில் பீரோ மேல் போர்வை சுற்றிக் கிடக்கிறது. விற்கலாம் என்று மனைவி சொல்கிறாள். வாங்குகிறவனும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பான்.

இந்த வருசப் பால்குடத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், அவள் விடவில்லை. லாரி வந்தது. கீபோர்டு நின்ற இடத்தில் இன்னொரு ஸ்பீக்கர். வாசல் முன்னால் அக்காவுக்கு அருள் வந்தது. அவளுக்கு இப்போது முழங்கால் வலி, மாடிப்படி ஏறமாட்டாள். ஆனால் ஆடினாள். என் கை ஸ்பீக்கரிலிருந்து வாசித்தது. கொஞ்ச நேரத்தில் அவள் குதிகால் தரையில் தட்டியது. ஓய்கிறாள். என் வாசிப்பு ஓயவில்லை, முதலிலிருந்து பிடித்து அவளைத் தூக்கியது. மறுபடி குதிகால் தட்டியது. மறுபடி தூக்கியது. செல்வம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். நான் லாரி ஓரம் ஓடி, "டேய், கொறைடா! கொறச்சு வுடுடா!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவன் என்ன கேட்டானோ, என்னைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சத்தத்தை இன்னும் கூட்டினான்.

அக்கா விழுந்தாள். நான்கு பேர் தூக்கித் தண்ணீர் தெளித்தார்கள். பூசாரி திருநீறு போட்டார். லாரி அதே தாளத்தோடு அடுத்த தெருவுக்குப் போனது.

சாயங்காலம் அவள் வெந்நீர்ச் சட்டிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. நான் செல்வத்தை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு லேப்டாப்பும் தெரியாது, ஒர்க்ஸ்டேஷனும் தெரியாது. நான் என்னத்துக்காகக் கத்துகிறேன் என்றும் தெரியாது. பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"முன்னெல்லாம் ஆத்தா தானா மலையேறிருவாடா தம்பி. இப்ப என்னமோ போமாட்டேங்குறா. நான் விழுந்தாத்தான் போறா."