கோட்டின் இடது கை

ஆவடியில் நான் தையல் கடை வைத்திருந்தபோது, எத்தியோப்பியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகவிருந்த வாத்தியார் ஒருவர் கோட்டு தைக்கக் கொடுத்தார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அங்கே குளிர் அதிகமாம். சித்திரை வெயிலில் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கக் கண்ணாடி முன் நிற்பார்.

"மாஸ்டர், இடது கை கொஞ்சம் நீளமா இருக்கே?"

பிரித்துத் தைத்தேன். மறுநாள் குட்டை என்றார். மறுபடி பிரித்தேன். நாலாவது தடவையும் அதே இடது கை. பயணத்துக்கு மூன்றே நாள் இருந்தது. நான் யாரிடமும் நிமிர்ந்து பேசாதவன். அன்று பொறுக்க முடியவில்லை.

"சார், கோட்டு கரீட்டாத்தான் கீது. உங்களுக்குப் போவ பயமா கீதா, சொல்லுங்க."

அவர் கோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா மாஸ்டர். அங்க பசங்க என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிச்சிட்டா?"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு என்ன தெரியும்?

"சிரிச்சா இன்னா சார், நீங்களும் கூட சிரிச்சிடுங்க. கோட்டக் கயட்டுங்க, பட்டன் தைக்கணும்."

போய்விட்டார். நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் படிப்பதற்காகப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

"ஊர் பழகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் பார்த்ததும் கையாட்டுகிறார். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாஸ்டர், இடது கை இன்னும் நீளம்தான்."

அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கைக்கும் ஒரே அளவுதான் எழுதியிருந்தேன். கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே மடித்து வைத்தேன். இந்த மனிதரை என்னதான் செய்வது?