நாட்டியக்காரியின் ஜோடிக் கால்கள்

பிரியாணிக்காக இறங்கிய ஆம்பூர் ஸ்டேஷனில் அடுத்த பெங்களூர் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். மடியில், கண்டியில் வாங்கிய மரச்சிற்பம். அங்கே ஒரு புத்தர் கோயில் தூணில் ஆடும் பெண்ணைப் பார்த்துச் செதுக்கிய நகல். பெங்களூரில் நடனப் பள்ளி திறக்கும் அத்தைக்குப் பரிசு. சுற்றிய செய்தித்தாள் கிழிந்து, ஒரு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு ஓர் அக்கா. அந்தப் பாதத்தையே பார்க்கிறார்.

"கொழந்த ஷூ தைக்கற மரக்கால் அச்சுங்களா? ஷூவுக்குள்ள போற காலுக்கு விரலெல்லாம் இன்னாத்துக்கு செதுக்கிருக்காங்க?"

சிரித்துக்கொண்டே தாளைப் பிரித்துக் காட்டுகிறேன். இடுப்பின் வளைவு, கை முத்திரை, பறக்கும் சேலைத் தலைப்பு எதிலும் அவர் கண் நிற்கவில்லை. இரண்டு பாதங்களையும் விரலால் அளக்கிறார்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஜோடி சேரல. எங்க கம்பெனில இது ரிஜெக்ட்டு."

என் முகம் வாடியதும் அவரே சமாதானம் சொல்கிறார். "உடுங்க. மத்தவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. கால யாரு பாக்கறா?"

அத்தை பார்ப்பார். பரதம் சொல்லித்தருகிறவர். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே முதலில் பெண்ணின் காலைத்தான் பார்த்தார்.