காப்பி பூத்தபோது

இப்போது தேயிலை நிற்கிற, இலங்கையின் ஹேவாஹெட்ட மலைச்சரிவில் அப்போதெல்லாம் காப்பிதான். தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி நாங்கள் வந்து சேர்ந்த முதல் வருஷம் அந்த மலையைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. குளிர், அட்டை, ஓயாத தூறல். பங்குனியில் ஒரு பெருமழை பெய்து விட்டபின், ஒருநாள் காலையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் கதவைத் திறந்தால் மலை முழுக்க வெள்ளை. வாசமோ அப்படியே மல்லிகை.

பூ வைக்காமல் தலைவாரிப் பழக்கமில்லாதவள் நான். வேலைக்குப் போகிற வழியிலேயே கை நிறையப் பறித்து, வாழைநாரில் தொடுத்து, நானும் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராக்காரியும் வைத்துக்கொண்டோம். கங்காணி பார்த்துவிட்டார்.

"அது பூவா? ஒவ்வொண்ணும் ஒரு காப்பிப் பழம்! எடுங்கடி!"

"பின்னே எதுக்கு இப்படி மணக்குது?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். எனக்குக் கோபம் தீரவேயில்லை.

மறுநாள், பூ வாடத் தொடங்குமுன்பே, செடிகளுக்கு அடியில் களை பிடுங்க விட்டார்கள். தேனீக்களின் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. கிளையில் தலை பட்டால் போதும், பூ பொலபொலவென்று மேலே கொட்டும். நான் தட்டிவிடவில்லை. இதை நான் பறிக்கவில்லையே! கோபம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

பொழுது சாய்ந்து வரிசையாக இறங்கினோம். எல்லார் கூந்தலிலும் பூ. முன்னால் கங்காணி நடந்தார். செடிக்குச் செடி குனிந்து குனிந்து எங்கள் வேலையில் குறை தேடியவர் அல்லவா, அவருடைய தலைப்பாகை முழுக்கப் பூ.

லயம் வரும்வரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அழகாகத்தான் இருந்தார்.