வேதாகமத்துக்குள் மடித்து வைத்த ஒப்பந்தம்

என் மனைவி விமலாவின் குரலைக் கேட்டுப் பதினொரு நாளாகியிருந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலை. ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் பேசியவள், திடீரென்று சத்தமில்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனைக் கேட்டால், "அங்க நெட்வேக் பிரச்சினை அண்ணன், பயப்பிடாதீங்க" என்றான். அடுத்த நாள் அவனுடைய போனுக்கும் அதே பிரச்சினை வந்துவிட்டது.

சகோதரங்களே, இப்போது பகிடியாகச் சொல்கிறேன். அன்று நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை முற்றத்தில் நின்று நான் ஒப்பாரி போலக் குளறிய குளறலில், எங்கள் படுவான்கரை ஊர்கள் முழுக்க விமலா செத்துப்போனாள். பக்கத்து வீட்டுச் சந்திரன் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். அரை மணித்தியாலத்துக்குள் கதிரையும் தறப்பாளும் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

"பிரேதம் எப்ப வருகுது மச்சான்?"

"ஆர்ர பிரேதம்?"

"அப்ப என்னத்துக்குடா இந்தக் குளறல் குளறினாய்?"

அதற்குள் ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. போதகர், "வந்த சனம் இருக்கட்டும், ஜெபிப்பம்" என்றார்.

நான் ஜெபிக்கவில்லை. ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். வயல் வட்டைக்குள் அறுவடை மெசின் இறங்கிய போகத்தோடு, கூலிக்கு வெட்டிய எங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மேசன் வேலைக்குப் போனால், சீமெந்து விலையில் வீடு கட்டுகிறவன் இல்லை. அடுப்பு எரிய வேண்டுமா, பெண்சாதியை அனுப்பு என்பதே ஊர் வழக்கமாகிவிட்டது. நெல் விளைகிற ஊரில் சோறு தின்ன, எங்கள் தாய்மார் கடல் தாண்டிப் போய் அடுத்தவன் கோப்பை கழுவ வேண்டுமாம்! போகும்போது நாட்டின் முதுகெலும்பு என்பார்கள். ஒருத்தியின் சத்தம் நின்றுபோனால் எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஒருவர் எழும்ப மாட்டார். நான் மட்டும் நல்லவனா? 'போ' என்று வாயால் சொல்லவில்லை. பயணப்பெட்டிக்குக் கயிறு கட்டியவன் நான்தான். "அவளைத் தாரும், இல்லாட்டி என்னையும் எடும்" என்று கத்தினேன்.

சங்கீதம் வாசிக்க மகள் வேதாகமத்தைத் திறந்தாள். மடித்த கடதாசி ஒன்று விழுந்தது. விமலாவின் ஒப்பந்தம். முழுக்க அரபு. பெறுமதியான கடதாசியென்று அதை உள்ளே வைத்தவன் நான். பத்திரப்படுத்தினேன், ஒருவரைக் கொண்டும் வாசிப்பிக்கவில்லை. இத்தனை நாளும் ஏஜென்சிக்காரனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்த மடையனுக்கு, இது நினைவுக்கே வரவில்லை.

சந்திரனின் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக்குப் போனோம். புடவைக்கடை அண்ணன் றபீக் நானா பல வருடம் அரபு நாடுகளில் வேலை செய்தவர், அரபு வாசிப்பார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது.

"தம்பி, இத ஆரும் ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டல்லயா?"

"இல்ல நானா."

"கிழமைக்கு ஒரு நாள் லீவு. போன் அவட கையிலதான் இரிக்கணும். வேற ஊட்டு வேலைக்கு அனுப்பேலா. ஊட்டு விலாசமும் இதுல இரிக்கி. எல்லாத்தையும் எழுதிப்போட்டு மறைச்சிரிக்கானுகள், பாவிகள்!"

நானாவின் மச்சினன் அதே நகரத்தில் வாகனம் ஓட்டுகிறவர். நானா போனில் அனுப்பிய ஒப்பந்தப் படத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தூதரகத்துக்குப் போவேன் என்றார். எஜமானி விமலாவைத் தன் தங்கை வீட்டு வேலைக்குக் கொடுத்துவிட்டு, போனைப் பூட்டி வைத்திருந்தாளாம். மூன்றாம் நாள் என் போன் அடித்தது.

"இஞ்சாருங்க, நான்தான்."

பகிடி விட வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதீங்க. என்னைய ஊருக்குக் கூப்பிடுங்க."

அதே கடதாசியைக் காட்டி அவளைக் கூப்பிட்டோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், விமலா இப்போது வீட்டில் இருக்கிறாள். அவள் இடியப்பம் அவிக்கிறாள், நான் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். கறி ஒன்று குறைவுதான், மேசையில் ஆள் குறைவில்லை. பயம் வந்தால் நான் இன்னும் குளறுவேன், அது மாறவில்லை. ஆனால் இப்போது முற்றத்தில் நின்றல்ல, முழங்காலில் நின்று.

நம்பி ஜெபியுங்கள். ஒரு புடவைக்கடைக்காரரின் வாயாலும் ஆண்டவர் பதில் தருவார். வெளிநாடு போக நிற்கும் தாய்மாரே, கையெழுத்து வைக்க முதல் கடதாசியோடு ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள், சேர்ந்து ஜெபித்துவிட்டு நானாவிடம் கூட்டிப்போகிறோம். ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தினால் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அவனோடு விமலா பேசுவாள்.