கை நீட்டிப் பார்த்த ஸ்கோப்

பிள்ளைகளே, துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்க நானும் உங்கள் அம்மாவும் கோலாலம்பூருக்குப் போன அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு மறந்திருக்கும். உங்களைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம், திரும்பும்போது முறுக்கு வாங்கி வந்தோம். உங்களுக்கு அந்த முறுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எனக்கோ அந்த நாள் முழுவதும் ஞாபகம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே எழுந்து சவரம் செய்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமாக வரவில்லை என்று உங்கள் அம்மா சொன்னாள்.

எதற்கு ஸ்கோப் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கேரி தீவில் ஒரு தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதிதாக, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். காட்டுப் பன்றிகளுக்கு அந்தக் கன்றின் குருத்து அல்வா மாதிரி. ஒரு கூட்டம் உள்ளே புகுந்தால் இரண்டு நிரை காலி. அதனால் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை என் பெயரில் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தோம். வேலை முடிந்ததும் நிரை ஓரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்காருவேன். பொழுது சாயும் நேரத்தில்தான் பன்றி வரும். விழுந்தால் நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு கறி. மண்டோர் என்பதைவிட, பன்றி சுடுகிறவர் என்றுதான் என்னை எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

அந்த வருடம் என் கண் கொஞ்சம் மங்கியது. பகலில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் குறைந்தால்தான் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஒருநாள் பொழுது சாயும்போது, கன்றுகளுக்கு அந்தப் பக்கம், சாய்க்காமல் விட்டிருந்த பழைய செம்பனை மரத்தடியில் கறுப்பாக ஒன்று குனிந்து நகர்ந்தது. முதுகு தெரிந்தது. நான் சுத்தியலை இழுத்துக் குறி வைத்துவிட்டேன். விரல் விசைக்குப் போகும்போது அந்த முதுகு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர். உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மறுபடி குனிந்து சாக்கை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பரணிலிருந்து இறங்கவே அரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பன்னி எது, மனுசன் எதுன்னு தெரியாம கையில துப்பாக்கி எதுக்குங்க? நல்லாத் தெரியுறதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா தீபாவளிக்கு முன்னாடி ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு வழி கிடைக்கும்வரைக்கும் நான் பரணில் ஏறவும் கூடாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

ஸ்கோப் என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் படம் காட்டினார். துப்பாக்கி முதுகில் ஒரு குழல் சவாரி செய்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்துவிடுமாம். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. மேனேஜர், வாங்கிக்கொள், ஆனால் உன் காசில் வாங்கு என்றார். என்னால் புரட்ட முடிந்த காசு எண்பது வெள்ளி. துப்பாக்கியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. குழலின் சுற்றளவைத் தையல் நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, லைசென்ஸோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிள்ளான் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொன்று. பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும் உங்கள் அம்மா பூக்கடைப் பக்கம் திரும்பினாள். பூவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விறுவிறுவென்று நடந்தேன். சாப்பாட்டுக்கடை வாசனைகூட என்னை நிறுத்தவில்லை. துப்பாக்கிக் கடை அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் பனியன் போட்ட சீன முதலாளி, தவுக்கே. லைசென்ஸைக் கேட்டு வாங்கி, என் முகத்தையும் படத்தையும் இரண்டு தரம் பார்த்தபிறகுதான் கதவைத் திறந்தார். நாங்கள் மலாயிலும் கொஞ்சம் தமிழிலும் பேசிக்கொண்டோம். தோட்டத்து ஆட்களோடு பழகி அவருக்கு நம் பாஷை நன்றாகவே வரும்.

முதலில் அவர் எடுத்து வைத்தது ஒரு பெரிய ஸ்கோப். என் முழங்கை நீளம். ஒன்பது மடங்கு காட்டும் என்றார். கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். பிள்ளைகளே, என்ன சொல்வேன்! எதிர்க்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் மீசையில் ஒட்டிய நுரை தெரிந்தது. தூரத்தில் நின்ற டாக்சியின் நம்பரைப் படித்தேன். கூரையில் உட்கார்ந்திருந்த புறா கண் சிமிட்டியதைப் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக உங்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். விலை நூற்றுத் தொண்ணூறு என்று தவுக்கே சொன்னதும்தான் வாயை மூடினேன். என்றாலும் மனதுக்குள், கல்யாண மோதிரத்தை வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று ஓடியது. தவணையில் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் கூரையில் சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

அப்போது உங்கள் அம்மா கேட்டாள்:

"வெயில்ல எனக்கே அந்த டாக்சி தெரியுதுங்க. உங்களுக்கு இருட்டுல இல்ல தெரியணும்?"

தவுக்கே சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை, எல்லோரும் வாசலில் நின்று டாக்சி நம்பர் படித்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள் என்றார். கடைக்குப் பின்பக்கம் ஒரு சந்து இருந்தது. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், மேலே தகரம். பட்டப்பகலிலும் அங்கே மாலை ஏழு மணி மாதிரி இருக்கும். அந்தச் சந்தின் கடைசியில் எண்ணெய்த் தகரங்களும் சாக்குகளும் கிடந்தன. பெரிய ஸ்கோப்பை அங்கே திருப்பினேன். ஒரே மங்கல். எதையோ கண்டுபிடித்தேன், ஆனால் அது சாக்கா சுவரா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருப்பதை அவ்வளவு பெரிதாக்கினால் முழுசாக எதுவும் தெரியாது. பன்றி நின்றாலும் அதன் ரோமம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அடுத்தது நான்கு மடங்கு. அது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் நூற்றுப்பத்து வெள்ளி. எண்பதுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தவுக்கே தயங்கிவிட்டு, பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு குட்டி ஸ்கோப்பை எடுத்து வைத்தார். என் கையில் ஒரு சாண்கூட இல்லை. ஐம்பத்தைந்து வெள்ளி. ஆனால் இது உனக்கு ஆகாது என்று அப்போதே சொல்லிவிட்டார். ஒரு வெள்ளைக்கார துரை வேட்டைக்கு வைத்திருந்த ரிவால்வருக்காக வரவழைத்தாராம். சாமான் வந்து சேர்வதற்குள் துரை ஊருக்குப் போய்விட்டார். ரிவால்வரில் வேட்டையாடுகிற ஆள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வருடமாகப் பெட்டிக்கு அடியிலேயே கிடக்கிறதாம்.

விலையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது, அவர் சொன்ன மீதி எதுவும் ஏறவில்லை. எடுத்துக் கண்ணில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரே கறுப்பு. நடுவில் கடுகு மாதிரி ஒரு வெளிச்சம். திருகிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். கறுப்புதான். ரோசாக், கெட்டுப்போனது என்று மேசையில் வைத்துவிட்டேன். பார்க்கிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று தவுக்கே தோளைக் குலுக்கினார்.

உங்கள் அம்மாவுக்கு அப்போதே வெள்ளெழுத்து வந்துவிட்டது, உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையோ மருந்துச் சீட்டோ, கையை முழுசாக நீட்டிப் பிடித்துத்தான் படிப்பாள். அவள் அந்தக் குட்டி ஸ்கோப்பை எடுத்து, அதன் கண்ணாடி விளிம்பில் எழுதியிருந்ததைப் பார்க்க, திறந்திருந்த பின்கதவுப் பக்கமாகக் கையை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இதுல எல்லாம் தெரியுதே."

என்ன தெரிகிறது என்றேன். சந்துக் கடைசியில் ஒரு பூனை படுத்திருக்கிறது, அதன் வால் வெள்ளை என்றாள். நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். எனக்குப் பூனையும் இல்லை, வாலும் இல்லை. தவுக்கே எழுந்து வந்து பார்த்துவிட்டு, கையைத் தட்டினார். ரிவால்வரைக் கன்னத்தில் வைத்தா சுடுவார்கள், அக்கா? கையை நீட்டித்தானே சுடுவார்கள். அதனால் அந்தக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். ரிவால்வர் சாமான் என்று முன்பே சொன்னேன், உன் புருஷன் காதில் வாங்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை என்றார். நான் வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தேன். குழலுக்குள் சந்து வெளிச்சமாக இருந்தது. வெளியே இருப்பதைவிட வெளிச்சம். பூனை வாலை நக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் துப்பாக்கி நீளமானது. ஸ்கோப்பைக் கண்ணுக்கு அருகில் வைக்காமல், முன்னால், குழலின் மேலேயே வைத்தால்? அங்கிருந்து கண்ணுக்குச் சரியாக ஒரு முழம். நூலை எடுத்து மேசையில் நீட்டி, குழலின் சுற்றளவைக் காட்டினேன். தவுக்கே நூலைப் பார்த்தார், ஸ்கோப்பைப் பார்த்தார், பக்கத்தில் இரும்பு வேலை செய்யும் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் அவர்கள் பாஷையில் பத்து நிமிடம் சண்டை போடுவதுபோலப் பேசினார்கள். கடைசியில் பட்டறைக்காரர் என் நூலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். குழலைச் சுற்றிப் பிடிக்கிற இரும்பு வளையம் இரண்டு அடித்துத் தருகிறேன், இருபது வெள்ளி என்றார். எழுபத்தைந்து. மீதி ஐந்து வெள்ளியில் சாப்பிட்டோம், உங்கள் அம்மாவுக்கு மல்லிகை வாங்கினேன், உங்களுக்கு முறுக்கு. பஸ் காசை அவள் தனியாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், இல்லாவிட்டால் நடந்துதான் வந்திருப்போம்.

அடுத்த வாரம் போலீஸ் கடிதத்தோடு, தோட்டத்து வேனில் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டு வந்தேன். பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆபீஸ் கிராணி, துப்பாக்கிக்குத் தொப்பியை மூக்கில் மாட்டியிருக்கிறீர்களே என்று கேலி செய்தார். சரிபார்க்க மேனேஜர் மூன்று தோட்டா கொடுத்தார். சிமெண்டுப் பையைச் சுவரில் ஒட்டி முதல் தோட்டாவைச் சுட்டேன், ஒரு சாண் இடப்பக்கம் போனது. ஸ்கோப்பின் திருகாணியைக் காசால் திருகி, இரண்டாவது. நான்கு விரல். மூன்றாவது நடுவில்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது உங்கள் அம்மா பரணுக்குப் போக அனுமதி கொடுத்தாள். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. குழல் வழியாகக் கன்று கன்றாக எண்ணினேன், வாய்க்கால் ஓரத்துத் தவளையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்து, வெறுங்கண்ணுக்கு எல்லாம் சாம்பலாகிவிட்ட நேரத்தில், நிரைக் கடைசியில் கறுப்பாக ஒன்று அசைந்தது. கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். அவசரப்படவில்லை. முதலில் கால்களைத் தேடினேன். நான்கு. அப்புறம் தலை, மூக்கு, சேறு. ஒரு கன்றைக் குருத்தோடு இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரும் இல்லை, வெறும் மண்மேடு. எல்லாவற்றையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துக்கொண்டுதான் விசையைத் தொட்டேன்.

பெரிய ஆண் பன்றி. நான்கு பேர் கம்பு கட்டித் தூக்கி வந்தார்கள். லயமே வாசலில் நின்றது. நான் தலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். உங்கள் அம்மா மட்டும் கறியைப் பார்க்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"சுடுறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுது? சொல்லுங்க."

"இடது காது கிழிஞ்சிருந்துச்சு. மேல் பக்கம், ரெண்டு விரல் அளவு."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூட்டத்தை விலக்கி, குனிந்து, அதன் தலையைத் திருப்பிப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன். பரணில் இருந்தபோதுகூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை.

திரும்பி வந்து விளக்கை ஆணியில் மாட்டினாள்.

"சரி," என்றாள். "துப்பாக்கியத் தொடைச்சு உள்ள வைங்க. நான் மிளகாய் அரைக்கப் போறேன்."