சரிபார்த்தவர்: பக்கீர் முஹம்மது

"சரிபார்த்தவர்னு ஒரு வரி கேட்டிருக்காங்களே, அது யாருங்க?" என்று பக்கீர் முஹம்மது கேட்டார்.

"யாரா வேணா இருக்கலாம் பாய். எழுதினவன் தன் பேரையே போட்டுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் எங்கள் முதலாளி சிவஞானம்.

"சரிங்க. உக்காந்து வரிக்கு வரி பார்த்தவரா, இல்ல, பக்கத்துல நின்னு ம் சொன்னவரா?"

பாலகுரு சிரித்துவிட்டான். எங்களில் வேகமாகக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவன் அவன்தான். "ஏன் பாய், ஷார்ஜாவுல ம் சொல்றதுக்குத் தனி ஆபீசர் வெச்சிருந்தாங்களா?"

"வெச்சிருந்தாங்கப்பா. கையெழுத்து போட்டவர் ஒருத்தர், பெட்டியைத் திறந்து பார்த்தவர் இன்னொருத்தர். பெட்டி காணாமப் போனா ரெண்டு பேருக்குமே ஊருக்கு டிக்கெட்டு."

"இங்க பெட்டியெல்லாம் கிடையாது. கவலைப்படாதீங்க, உங்க பேரை முதல்ல போட்டுடறோம். நீங்கதான வயசுல பெரியவர்."

"வயசுக்கு வேணாம்பா. பார்த்தா போடு."

சிவஞானத்துக்கு அவசரம். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. "சென்னையில கேக்கறாங்க, போட்டுடுவோம். செந்தமிழ், அந்த மூணு வரியை ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டிடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் எழுதி ஒட்டினேன். அது 2005 ஆடி மாதம்.

எங்கள் ஆபீஸ் மரக்காணத்தில், ஈசிஆர் மேல், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. எடைமேடைகளுக்கான நிரலை எழுதிக் கொடுப்பது வேலை. உப்பு ஏற்ற வரும் லாரியை முதலில் காலியாக நிறுத்தி எடை போடுவார்கள், ஏற்றிய பிறகு மறுபடி போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பு. அதைக் கணக்கிட்டுச் சீட்டு அடித்துத் தருவது எங்கள் நிரல். சென்னையில் ஒரு கம்பெனி அதை வாங்கிக் கடற்கரை நெடுக விற்றது. எங்களுக்கு அந்த ஒரு கம்பெனிதான் வாடிக்கை.

நிரலில் யார் எந்த வரியை மாற்றினாலும் பழையது அழியாமல், புதியதை அதன் மேல் அடுக்கி வைக்கும் ஏற்பாடு ஒன்று வைத்திருந்தோம். சப்வெர்ஷன் என்று பெயர். ஒவ்வொரு மாற்றத்தையும் உள்ளே அனுப்பும்போது, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். கமிட் மெசேஜ் என்போம். அதுவரை எங்கள் குறிப்புகள் 'சரி செய்தது', 'மறுபடியும் சரி செய்தது', 'இந்த முறை நிஜமாகவே சரி செய்தது' என்ற மாதிரிதான் இருந்தன. சென்னையில் அதைப் படித்துச் சலித்துப் போயிருப்பார்கள். இனி ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் எழுதியவர், சரிபார்த்தவர், ஓட்டிப் பார்த்தவர் என்று மூன்று வரிகள் இருந்தாக வேண்டும் என்றார்கள். தலைப்பு, முக்காற்புள்ளி, பெயர். வடிவம் மாறாமல் இருந்தால் அவர்கள் மெஷினே அந்த வரிகளைப் படித்து, யார் எதற்குப் பொறுப்பு என்று வாராவாரம் ஒரு பட்டியல் எடுத்துவிடும். நாங்கள் அவற்றை இங்கிலீஷில்தான் எழுதினோம். இங்கே தமிழில் சொல்கிறேன்.

பக்கீர் முஹம்மதுவுக்கு ஊர் கூனிமேடு. முப்பத்தைந்தைத் தாண்டியவர், தாடி வைக்காதவர், டிவிஎஸ் வண்டியில் சாப்பாட்டுக் கூடையோடு வருவார். ஷார்ஜாவில் ஒரு கார்கோ ஆபீசில் சரக்குப் பதிவு செய்யப் போனவர், அங்கே பழுதாகிக் கிடந்த ஒரு நிரலைச் சரிசெய்யப் போய் அப்படியே நிரல் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார். போனில் பேசும்போது மட்டும் மூச்சு விடாமல் பேசுவார். காலிங் கார்டு தீர்ந்துவிடும் என்ற பழக்கம், பக்கத்து ஊருக்குப் பேசினாலும் போகவில்லை.

சுனாமி அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஷார்ஜாவில் இருந்தார். கூனிமேட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் மனைவி சைபுன்னிசாவின் குரலைக் கேட்டாராம். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமே ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. மைத்துனர் அங்கிருந்து, விசா தயாராக இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கீர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எங்கள் ஆபீசில் சேர்ந்தார்.

அவருடைய மகள் ஹம்னாவுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்து அப்பாவோடு போனிலேயே பழகியவள். நேரில் வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். போன் என்றால் பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தது வரைக்கும் சொல்லுவாள். அதனால் பக்கீர் தினமும் மத்தியானம் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு அவளோடு பேசுவார். "ராத்திரி வீட்டுக்குத்தான போறீங்க பாய், அங்க பேசக் கூடாதா?" என்று பாலகுரு கேலி செய்வான். "அங்க நான் புது ஆளுப்பா" என்பார். ஐப்பசி மழையின்போது போன் மெல்ல நின்றுபோனது. அவள் நேரிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அவர் சொல்லவில்லை. நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பாலகுருவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். பத்திரிகையின் மாதிரி ஆபீசுக்கே வந்தது. அடியில் நல்வரவை விரும்புவோர் வரிசையில் ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போய், அவர் கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்று சொல்லி, மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. பாலகுருவின் அம்மா அதற்குப் பிறகு யாரையும் விடவில்லை. பத்திரிகையின் பாதி உயரத்துக்குப் பெயர்களே இருந்தன.

எங்கள் மூன்று வரிகளும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. தொடங்கிய புதிதில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எட்டியாவது பார்த்தோம். பிறகு பார்க்க நேரமில்லை. ஆனால் வரியைக் காலியாக விட்டால் சென்னைப் பட்டியலில் சிவப்பாகத் தெரியும். ஒருவர் பெயரைப் போட்டு இன்னொருவரை விட்டால் அவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று இருக்கும். எனவே பாலகுரு எல்லாரையும் போட்டான். வயதில் மூத்தவர் என்று பக்கீர் பெயர் முதலில், அடுத்து என் பெயர், முதலாளியை விட முடியாது என்பதால் ஓட்டிப் பார்த்தவர் வரியில் சிவஞானம். ஒரு தடவை விளையாட்டாக, டீ கொண்டுவரும் அப்பாதுரையின் பெயரை அந்த வரியில் சேர்த்தான். அந்த வாரப் பட்டியலில் அப்பாதுரை வந்தார். சென்னையில் ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணே, நீங்க இப்ப சாஃப்ட்வேர்ல இருக்கீங்க" என்று பாலகுரு சொல்ல, அப்பாதுரை, "அப்ப கிளாஸை யாருப்பா கழுவுறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கீரும் எங்களோடு சிரித்தார். ஆனால் அவர் அனுப்பும் மாற்றங்களில் சரிபார்த்தவர் வரி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினால் மட்டும் பெயர் போடுவார். பட்டியலில் சிவப்பு அதிகம் அவருக்குத்தான்.

மாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஒரே லாரி ஒரே நாளில் இரண்டாவது நடை வரும்போது, எங்கள் நிரல் காலி எடையைப் புதிதாக எடுக்காமல் முதல் நடையில் எடுத்ததையே வைத்துக்கொள்கிறது. நடுவில் வண்டி டீசல் போட்டிருக்கும், ஆள் ஏறியிருப்பார்கள். ஏற்றிய இடத்துச் சீட்டில் ஒரு எடை, இறக்கும் இடத்தில் வேறு எடை. பல உப்பளங்களிலிருந்து புகார் போயிருந்தது. சீக்கிரம் சீட்டு வர வேண்டும் என்று மார்கழியில் பாலகுரு செய்த மாற்றம் அது. ஆனால் மெயிலில் பாலகுருவைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதுகிறவர் தவறுவது சகஜம், பார்க்கிறவர் எப்படி விட்டார் என்றுதான் கேட்டிருந்தார்கள். அவர்கள் மெஷின் ஒரு வரியில் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளும். சரிபார்த்தவர் பக்கீர் முஹம்மது. இனி அவர் எங்கள் வேலையைத் தொடக் கூடாது என்று முடித்திருந்தார்கள்.

சிவஞானம் அவரைக் கூப்பிட்டார்.

"பாய், இதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"உங்க பேர் இருக்குதே."

"இருக்குதுங்க. நான் பார்க்கல."

சிவஞானம் பாலகுருவின் பக்கம் திரும்பினார். அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே, "பெரியவர்னு போட்டேன் சார். எப்பவும் போடுறதுதான" என்றான். கல்யாணம் முடிந்து அவன் கையில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை.

"அப்ப சென்னைக்கு நான் என்னன்னு எழுதறது? இத்தனை நாளா அனுப்பின பேரெல்லாம் சும்மான்னா? அடுத்த மாசம் நம்மகிட்ட வேலையே இருக்காது." மறுபடி பக்கீரின் பக்கம் திரும்பினார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மூணு மாசம் ஒதுங்கி இருங்க. சூடு ஆறட்டும்."

"அவ்வளவு நாள் சும்மா இருக்க முடியாதுங்க. அப்புறம் எனக்கு ஷார்ஜாதான்." கோபமாக அவர் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போல இருந்தது. "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. நான் போறேன்னா மச்சானுக்கு ஒரு போன் போடணும்."

அன்று மத்தியானம், பல மாதங்களுக்குப் பிறகு, அவர் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஹம்னாவைக் கூப்பிடச் சொல்லிப் பேசினார். ரிசீவரை வைத்ததும் பாலகுரு தயங்கிக்கொண்டே, "வீட்டுலதான் இப்ப பேசுதே பாய்" என்றான்.

"பேசுது. போனையும் மறந்துடக் கூடாதில்லப்பா."

பாலகுரு எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டான்.

சென்னை மெயிலில் பக்கீரின் பெயர் மட்டும்தான் இருந்தது. முழுக் குறிப்பை சிவஞானம் பார்த்ததில்லை. அவர் சப்வெர்ஷனைத் திறப்பவர் அல்ல. நான் அந்த மார்கழி மாற்றத்தின் குறிப்பை எடுத்து, அடியில் உள்ள மூன்று வரிகளோடு அச்சடித்தேன். அதிகம் பேசி எனக்குப் பழக்கமில்லை. தாளை அவர் மேஜையில் வைத்து, "ரெண்டாவது வரியில என் பேரும் இருக்குது சார். நானும் பார்க்கல" என்றேன்.

அவர் படித்தார். விரல் இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"இதை நான் எப்பம்மா ஓட்டிப் பார்த்தேன்?"

"நீங்க பார்க்கல சார்."

"இது ஒண்ணுலதானா?"

"நிறைய இருக்குது சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே தெரியாம நான் டெஸ்ட் பண்ணியிருக்கேன். பாய் ஒதுங்கணும்னா கூடவே நானும் இல்ல ஒதுங்கணும்" என்றார், யாரையும் பார்க்காமல். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து, "நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது" என்றார்.

அவர் சொன்னது நீளமில்லை. அந்த மாற்றத்தை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பெயர்களை மரியாதைக்குப் போட்டோம். பக்கீர் முஹம்மதுவைக் கேட்காமலே அவர் பெயர் சேர்க்கப்பட்டது. தவறு ஆபீசுடையது. இதைப் படித்துவிட்டு வேலையை நிறுத்துவதானால் நிறுத்தலாம். நான் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

சென்னை வேலையை நிறுத்தவில்லை. கடுமையாகத் திட்டி எழுதினார்கள். கோடை முழுதும் எங்களைக் கண்காணிப்பில் வைப்பதாகச் சொன்னார்கள். இனி சரிபார்த்தவர் தன் கணக்கில் நுழைந்து தானேதான் அந்த வரியைச் சேர்க்க வேண்டும், மற்றவர் சேர்த்தால் செல்லாது என்றார்கள். பக்கீர் பெயரைப் பற்றி மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. மைத்துனர் அந்த விசாவைச் சித்திரையில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

ஆனால் ஆபீசில் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. பெயர் என்றாலே கை பின்னால் போயிற்று. பாலகுரு தன் வரியைத் தவிர எதையும் தொட மாட்டான். சிவஞானம், "என்னை எதிலயும் சேக்காதீங்கப்பா" என்றார். போன வருஷம் பத்திரிகை போல நிரம்பி வழிந்த வரிகள் இப்போது வெறும் தலைப்பும் முக்காற்புள்ளியுமாக நின்றன. சரிபார்த்தவர் பெயர் இல்லாமல் இனி எந்த மாற்றத்தையும் சென்னை எடுக்காது. காலி எடையைத் திருத்தாமல் உப்பளங்களில் புகார் ஓயாது. பக்கீர் அந்தப் பகுதியை முழுவதும் புதிதாக எழுதியிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் தனியாகக் காலி எடை எடுத்தால்தான் சீட்டு அடிக்கும். அதைப் பார்த்துப் பெயர் போட ஆள் இல்லாமல் அது அவர் கணினியிலேயே கிடந்தது.

ஒரு நாள் காலை, நான் வந்து பையை மாட்டுவதற்குள் அவர் சில தாள்களோடு என் மேஜைப் பக்கம் வந்தார். வரி எண்கள் போட்டு அச்சடித்திருந்தார். தாள்களை வைத்து, அவற்றின் மேல் ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்தார்.

"தங்கச்சி, காலி எடையை மாத்தி எழுதியிருக்கேன். நேரம் எடுத்துப் படிங்க. புரியாத இடத்துல என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க, தப்பு இருந்தா சுழிச்சுடுங்க. மனசுக்குச் சரின்னு பட்டா மட்டும் உங்க பேரைப் போடுங்க. பாவம், பாய் ஷார்ஜா போகாம வீட்டோட இருக்கட்டும்னு போட்டுடாதீங்க."